பாகம் 118: பூட்டிய வீடுகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இரத்த அழுத்தம் நூற்றறுபதைத் தொட்டுவிட்டது. மனதில் இருப்பதை யாரிடமாவது கொட்டிவிடுங்கள் என்றார் டாக்டர். யாரிடம் கொட்ட? முப்பத்தோரு வருஷம் வருவாய்த்துறையில் குப்பை கொட்டி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். காலையில் ஒருவரிடம் ரகசியமாகச் சொன்னது மதியம் கேன்டீனில் வடையோடு பரிமாறப்படும் என்பது என் அனுபவம். அதனால்தான் இந்த நோட்டு.

நவம்பரிலிருந்து 'வாக்குத்துணை' அறக்கட்டளைக்கு நான் இயக்குநர். வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்துத் தேர்தல் பிரிவுக்கு உதவுவது, விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க ஆட்களுக்கு வழி சொல்வது, கல்லூரிப் பிள்ளைகளை ஓட்டுப் போட இழுத்து வருவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. ஆபீஸில் மொத்தம் நான்கு பேர். அதற்குள் ஆயிரம் அரசியல். இசக்கித்துரை என்று ஒருவன், ஒன்பது வருஷமாகக் களப்பணி பார்க்கிறவன். இந்த நாற்காலி தனக்குத்தான் என்று இருந்தானாம். அறக்கட்டளைத் தலைவர் புரொஃபசர் அருணகிரி என்னைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறான், சிரிக்கிறான், "மேடம்" என்கிறான். அந்தச் சிரிப்பை நான் நம்பத் தயாரில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

வடபாத்தி காலனியில் கணக்கெடுப்பு இன்று ஆரம்பம். உப்பளத் தொழிலாளிகள் இருக்கும் இடம். வாக்காளர் பட்டியலில் பாகம் 118. கல்லூரிப் பெண்கள் எட்டுப் பேர், இரண்டிரண்டாகப் போய்க் கதவைத் தட்டி, பட்டியலில் பெயர் உள்ளவர் அங்கே இருக்கிறாரா என்று குறிக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் தாளில் 'பூட்டு' என்று எழுதி நேரத்தைப் போட வேண்டும். மூன்று முறை போக வேண்டும். இந்த மூன்று முறை விதி நான் கொண்டுவந்தது. முன்பெல்லாம் இசக்கித்துரை இஷ்டத்துக்கு நடத்தியிருக்கிறான்.

காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை என்று நேரமும் போட்டுக் கொடுத்தேன். உடனே வந்து நின்றான்.

"மேடம், அந்தக் காலனிக்கு மட்டும் சாயங்காலம் போவமே. நான் வேணா கூடப் போறேன்."

"பொம்பளப் பிள்ளைகள இருட்டுன பிறகு அனுப்பச் சொல்றியா? நாளைக்கு ஒண்ணுன்னா அவங்க அப்பா அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

"இல்ல மேடம், அங்க உள்ளவுக காலையில..."

முடிக்க விடவில்லை. சாயங்காலம்தான் கட்சிக்காரர்கள் தெருவில் நடமாடும் நேரம். கூடப் போகிறானாம், கூட! இவனுடைய அக்கா வீட்டுக்காரர் ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

பிப்ரவரி 10

ஃபோன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். வேப்பமரத்தடியில் நின்று பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். "எப்ப இருப்பிய, எப்ப இருப்பிய" என்று கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. யாரைச் சந்திக்க இப்படித் துடிக்கிறான்?

மாத்திரை தீர்ந்துவிட்டது. வரும் வழியில் வாங்கினேன். குக்கர் கேஸ்கட் மறந்துபோயிற்று.

பிப்ரவரி 12

டீக்கடையில் அந்தக் கிளைச் செயலாளர் மைத்துனரோடு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள். மடியில் கனம் இல்லாவிட்டால் மைத்துனர் எதற்கு எழ வேண்டும்?

பிப்ரவரி 14

ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டு நோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது கொடிமலர் ஃபோன் செய்தாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். தேர்தல் பிரிவு தந்த படிவத்தில் 'இருக்கிறார்', 'இறந்தார்', 'குடிபெயர்ந்தார்' என்று மூன்றே கட்டங்கள்தானாம்; பூட்டிய வீடுகளை எதில் போடுவது என்று கேட்டாள். மூன்று முறை போயும் பூட்டியிருந்தால் மூன்றாவதில் போடு என்றேன். இதற்கெல்லாம் ஒரு ஃபோன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பட்டியலைத் தேர்தல் பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாகவே! ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. "உங்க லிஸ்ட்டுன்னா நாங்க திரும்பிப் பார்க்க வேண்டியதில்ல மேடம்" என்றார் அங்கிருந்த கிளார்க். என்னிடம் வேலை பழகியவர். புரொஃபசர் ஃபோனில் பாராட்டினார். மனசு நிறைந்துவிட்டது.

இசக்கித்துரை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். "எனக்கு ஒருக்க காட்டியிருக்கலாம் மேடம்" என்றான். காட்டினால் என்னவெல்லாம் செய்திருப்பானோ!

பிப்ரவரி 25

பீரோவுக்குப் புதுப்பூட்டு. சாவி என்னிடம் மட்டும். பாகம் 118 பட்டியலை அவன் ஜெராக்ஸ் எடுத்ததாகக் கொடிமலர் சொன்னாள். எதற்கு என்று கேட்டதற்கு "சும்மா பாக்க" என்றானாம். சும்மா பார்க்கவா ஒருவன் முப்பது பக்கம் ஜெராக்ஸ் எடுப்பான்?

மார்ச் 4, புதன்

மதியம் இரண்டு மணி. ஆபீஸ் வாசலில் ஐம்பது பேருக்குமேல் வந்து நின்றார்கள். வடபாத்தி காலனி ஆட்கள். கால் வெடிப்பெல்லாம் வெள்ளையாக உப்பு. புதிய பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். காலனியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய பெயர் இல்லை. எல்லார் பெயருக்கும் நேராக 'குடிபெயர்ந்தவர்' என்று நீக்கம்.

"நாங்க எங்க போனோம்? பொறந்ததுல இருந்து அங்கனதான கெடக்கோம்!" என்று ஒரு பெண் கத்தினாள். நான் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். பெயர் சேர்க்கக் கடைசி நாள் மார்ச் 20. அதைத் தாண்டினால் ஏப்ரல் 16ஆம் தேதி இவர்கள் யாரும் ஓட்டுப் போட முடியாது.

அந்தக் காலனி ஓட்டு எப்போதும் மைத்துனர் கட்சிக்கு எதிராகத்தான் விழும். எனக்குக் கணக்குப் போட இதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 5

கூப்பிட்டுக் கேட்டேன். "உன் மச்சானுக்காகத்தான் இதச் செஞ்சியா?"

முகம் சிவந்துவிட்டது. நடிப்பில் கெட்டிக்காரன். "அந்த லிஸ்ட்ட ஒருக்க முழுசாப் படிங்க மேடம். படிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்றான். எனக்கே பாடம் சொல்கிறான்! என் கையெழுத்துப் போட்ட பட்டியலை நான் படிக்கவில்லையாம். தற்காலிகப் பணிநீக்க உத்தரவை நானே தட்டச்சு செய்து, நானே கையில் கொடுத்தேன். வாங்கினான். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 7

புரொஃபசர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். விஷயம் காலனி வரைக்கும் போய்விட்டதாம். நல்லதுதான், யார் செய்தது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டுமே. அழுத்தம் நூற்று முப்பத்தெட்டு.

மார்ச் 9, திங்கள்

அவன்மேல் முறையாக அறிக்கை எழுத வேண்டும். அதற்காகப் பட்டியலை முதலிலிருந்து படித்தேன். ஆம், முதல் தடவையாக. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் பிப்ரவரி 17 அன்று நான் படித்திருக்கவில்லை. கடைசித் தாள் கைக்கு வந்தபோது மணி நாலேகால், ஆபீஸ் ஐந்துக்கு மூடிவிடுவார்கள்; கெடு இருந்தும் அன்றே கொடுத்துவிட வேண்டும் என்ற பெருமை எனக்கு.

வரிசை எண் 614. வெள்ளத்தாய், கணவர் பெயர் சுடலைமுத்து, வயது 69. இந்தப் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பணியாளர் கோப்பை எடுத்தேன். இசக்கித்துரையின் அம்மா.

பெற்ற தாயின் பெயரையா அடிப்பான்? அடித்தாலும் அடிப்பான், அம்மா பெயரையே சேர்த்துவிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்ற கணக்கு. இப்படித்தான் முதலில் நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பிறகு அந்தப் பெண்கள் எழுதிய தாள்களைப் புரட்டினேன். 614க்கு நேரே: பூட்டு, 10.20. பூட்டு, 9.50. பூட்டு, 10.35. அடுத்த வீடும் பூட்டு, பூட்டு, பூட்டு. அதற்கடுத்ததும். கொடிமலரைக் கூப்பிட்டு, பூட்டு என்று இருப்பதைக் குடிபெயர்ந்தார் என்று மாற்றச் சொன்னது யார், இசக்கித்துரைதானே என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதான் மேடம். சனிக்கிழமை ஃபோன்ல" என்றாள்.

மார்ச் 11, புதன்

காலை பத்து மணிக்கு வடபாத்தி காலனிக்கு நானே போனேன். தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவிலும் பூட்டு. பெட்டிக்கடையில் இருந்த ஒரு கால் இல்லாத மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பம் யாரு இருப்பா? வெள்ளென நாலு மணிக்கெல்லாம் அளத்துக்குப் போயிருவாவ. வெயிலுக்கு முந்தி உப்பு வாரணுமுல்லா. ஒரு மணிக்கு வாங்க."

முப்பத்தோரு வருஷம் இந்த மாவட்டத்து உப்பைத்தான் தின்றேன். அது எத்தனை மணிக்கு வாரப்படுகிறது என்று தெரிந்துகொள்ளாமலே ஓய்வு பெற்றிருக்கிறேன். ஒரு மணிவரை அந்தக் கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வந்தார்கள், பூட்டைத் திறந்தார்கள், அரைமணி நேரத்தில் தெருவே அடுப்புப் புகையும் பேச்சுமாக ஆகிவிட்டது. ஒரு பெண் சொன்னாள், "தொரதான் ஃபோன் போட்டு எப்ப இருப்பிய, எப்ப இருப்பியன்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். கடைசில அவனே இப்பிடிப் பண்ணிட்டான் பாத்தியளா."

 வெயில் அதிகம் என்று சொல்லி ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மார்ச் 12

தேர்தல் பிரிவில் அதே கிளார்க். இப்போது என்னை உட்காரச் சொல்லவில்லை. நீக்கிய பெயர் தானாகத் திரும்பாது, ஒவ்வொருவரும் புது வாக்காளருக்கான ஆறாம் படிவம் தர வேண்டும் என்றார். எல்லாப் படிவங்களையும் ஒன்றாக வாங்கி உடனே பார்க்க ஏற்பாடு செய்யலாமாம். ஆனால் தவறு எப்படி நடந்தது, பொறுப்பு யார் என்று அறக்கட்டளை எழுத்தில் தர வேண்டுமாம்.

புரொஃபசரிடம் சொன்னேன்.  "அதான் இசக்கித்துரை மேல ஏற்கெனவே நடவடிக்கை எடுத்தாச்சே பியூலா. அவன் பேரையே போட்டுருங்க. உங்க பேரு போச்சுன்னா நம்ம அறக்கட்டளையே போச்சு. பெரிய காரியத்தப் பாருங்க" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. நல்ல மனிதர்கள் இப்படிச் சொல்லும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் அரைநாள் முழுக்க நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

மூன்று வரைவு எழுதினேன். முதல் இரண்டில் அவன் பெயர். மூன்றாவதில் என் பெயர். மூன்றாவதைத் தேர்தல் பிரிவில் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். நல்லது செய்ததால் வந்த அழுகை இல்லை. அவமானம்.

மார்ச் 15, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. காலை ஐந்து மணிக்குப் படிவக்கட்டோடு அளத்துக்குப் போனேன். வேலையை விட்டு அவர்களை வரச் சொல்ல எனக்கென்ன உரிமை? பாத்தி வரப்பில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கே இசக்கித்துரை எனக்கு முன்பே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை, ஊரே திட்டுகிறது. மூன்று நாளாக வருகிறானாம். முதல் நாள் யாரும் அவனிடம் கையெழுத்துப் போடவில்லையாம்.

"நீங்க அந்தப் பக்கத்து வரப்பப் பாருங்க மேடம்" என்றான். அடுத்த படிவத்தை எடுத்தான்.

பணிநீக்கத்தை ரத்து செய்துவிட்டேன், நேற்றே தபாலில் போட்டேன் என்றேன். தலையை ஆட்டினான். நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தபோது பேனாவை மூடினான்.

"எங்கிட்டச் சொல்றது இருக்கட்டும். இவுககிட்டச் சொன்னீங்களா?"

முதலில் படிவங்கள் முடியட்டும், நாள் குறைவு என்றேன். அது உண்மையும்தான். அவன் என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை.

மார்ச் 18

நூற்றெழுபது படிவம் முடிந்தது. காலனிப் பெண்கள் எனக்குக் கருவாட்டுக் குழம்பு தந்தார்கள். "நீங்க மட்டும் வரலைன்னா எங்க கதி என்னாவும்" என்றாள் ஒருத்தி. சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கொடுத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

இருநூற்றுப் பதினொன்று. மாலை நாலரைக்கு ஒப்படைத்தோம். ஒன்று மட்டும் மீதி: 614.

வெள்ளத்தாயிடம் இசக்கித்துரை கெஞ்சியிருக்கிறான். நானும் போய்க் கேட்டேன். உப்பு சுமந்து முதுகு வளைந்த மனுஷி. கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"புதுசா ஓட்டு வாங்கப் போறவியளுக்கு உள்ள ஃபாரமுல்லா இது. நான் இந்திராம்மா காலத்துல இருந்து போடுதேன். எங்கயும் போவாதவ எதுக்கு வந்தேன்னு எழுதிக் குடுக்கணும்?"

"சட்டம் அப்படித்தாம்மா இருக்கு."

"எடுத்தவிய வைக்கட்டும்."

மகனை ஊர் திட்டுவதும் அவருக்குத் தெரியும். "எம்புள்ள செஞ்சிருக்க மாட்டான். செஞ்சது யாருன்னுதான் தெரியல" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. மணியாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 30

நான் எழுதிக் கொடுத்த ராஜினாமாவை அறக்கட்டளையில் ஏற்றுக்கொண்டார்கள். உடல்நலக் காரணம் என்று தீர்மானத்தில் போட்டிருக்கிறார்கள். தேர்தல் முடியும்வரை இசக்கித்துரை பொறுப்பு. பீரோச் சாவியை மேசையில் வைத்தேன்.

ஏப்ரல் 16, வியாழன்

வாக்குப்பதிவு நாள். என் வாக்குச்சாவடி டவுனில், வீட்டிலிருந்து இரண்டு தெரு. மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் போகலாம் என்று இருந்தேன். மூன்று மணிக்கு இசக்கித்துரை ஃபோன் செய்தான். "அம்மா காலையில இருந்து வரிசையில நிக்காவ மேடம். பேரு இல்லன்னு அனுப்புனா மறுபடியும் பின்னால போய் நிக்காவ. நான் சொல்லிக் கேக்கல. நீங்க வந்து பாருங்க." வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆட்டோ பிடித்துப் போனேன். வடபாத்தி பள்ளிக்கூடம். காலனி மொத்தமும் அங்கேதான் இருந்தது. இருநூற்றுப் பதினொரு பேரும் பெயர் இருக்கிறது என்று மை வைத்துக்கொண்டு திரிந்தார்கள். வெள்ளத்தாய் நாலாவது முறையாக வரிசையில் நின்றார். கையில் பழைய அட்டை, ஓரமெல்லாம் நைந்தது. பக்கத்தில் போய் நின்றேன். வெயிலில் நிற்க வேண்டாம், உட்காருங்கள் என்றேன். கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

 எத்தனையோ கலெக்டர்களிடம் விளக்கம் கொடுத்திருக்கிறேன், இப்படி நாக்கு ஒட்டியதில்லை. குனிந்து அவர் காதருகே சொன்னேன். "அம்மா, உங்க பேர எடுத்தது துரை இல்ல. நான்தான். படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டேன். பழிய அவன்மேல போட்டேன்."

வெற்றிலை மெல்லுவது நின்றது. 

"சத்தமாச் சொல்லுங்க. முன்னால நிக்கவியளுக்குக் கேக்கல."

சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். வரிசை முழுக்கத் திரும்பியது. மதில் ஓரம் நின்றவர்களும் கிட்டே வந்தார்கள். குழம்பு தந்த பெண் வாயில் கைவைத்துக்கொண்டாள். "அடப்பாவி, அந்தப் பயலப் போயி நாம..." என்று யாரோ சொன்னது கேட்டது. இசக்கித்துரை கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் அவனைப் பார்த்து நடந்தார்கள்.

"போதும். நீங்க போய் ஒங்க ஓட்டப் போடுங்க. நேரமாவுது" என்றார் வெள்ளத்தாய்.

மணி ஐந்தேகால். ஆட்டோவில் இருபது நிமிஷம். முப்பத்தெட்டு வருஷமாக ஒரு தேர்தலும் விட்டதில்லை. போயிருக்கலாம். நான் போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

ஆறு மணி அடித்ததும் கேட்டைச் சாத்தினார்கள். அதற்குள் வந்து நிற்பவர்கள் மட்டும் போடலாம் என்று ஓர் அலுவலர் கடைசி ஆளிடமிருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவது வழக்கம். கடைசி ஆள் நான். சின்ன வயதுக்காரர், என்னை அவருக்குத் தெரியாது.

"உங்க பேரு இந்த பூத்துல இருக்காம்மா?"

"இல்ல."

அவர் எனக்கு முன்னால் நின்றவரைப் பார்த்தார். "பாட்டி, உங்களுக்கும் இல்லன்னு காலையிலயே சொன்னமே. பேரு இல்லாத ரெண்டு பேரும் எதுக்கு நிக்கிறீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன் வெள்ளத்தாய் பதில் சொன்னார்.

"எம்பேர எடுத்தவிய இவியதான். எங்கூட நிக்க வந்திருக்காவ."